ஒன்றாம் எண் சீட்டு

பிப்ரவரி 11

அண்ணாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். போனில் கூப்பிட்டால் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை நம்பி எழுதுகிறேன்.

அப்பா போய் பதினோரு மாதம் ஆகிறது. ஷெட்டைக் காலி செய்யலாம் என்று பழைய இரும்பு எடுக்கிறவரை வரச் சொல்லியிருந்தேன். அவர் வருவதற்குள் ஒரு பார்வை பார்த்துவிடுவோம் என்று பூட்டைத் திறந்தேன். உள்ளே வண்டி என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை. சுவரில் சாய்த்த சேஸ் சட்டம், சாக்கில் சுற்றிய கதவுகள், மீதியெல்லாம் பெட்டி. பிஸ்கட் டின், மருந்துப் பெட்டி, பலகைப் பெட்டி என்று நாற்பத்தொன்று எண்ணினேன். பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதத்தில் மடித்த பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் நூல் கோத்து ஒரு சீட்டு. சீட்டில் அப்பாவின் கையெழுத்து.

நம் கடைக்குட்டி வாலு போன மறுநாள் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களே, அதற்கு அடுத்த நாளே பிரிக்க ஆரம்பித்தவர். நீங்கள் வீட்டை விட்டுப் போன பிறகும் நிறுத்தவில்லை. ஆறு வருடம். வேலைக்குப் போய் வந்ததும் ஷெட், சாப்பாட்டுக்கு மட்டும் வீடு. தன் கடைசி மகளைக் கொன்ற வண்டியைக் கண்டதுண்டமாக்குகிறார் என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வெறுப்பில் பிரிக்கிறவன் ஒவ்வொரு திருகாணிக்கும் கிரீஸ் தடவி வைப்பானா?

இரும்புக்காரர் வந்தார். "எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டுரலாமாக்கா?" என்று கேட்டார். "வேண்டாம், தம்பி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வாத்தியாரிடம் (என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறார், நீங்கள் பார்த்ததில்லை) "நான் இத மறுபடி கட்டப்போறேன்" என்றேன். அவர், "நீ பல்லு கட்டுறவ. காரெல்லாம் கட்டுவியா?" என்றார்.

ஆமாம், இருபது வருடமாகப் பல்செட் செய்கிறேன். ஒரு மயிரிழை தூக்கினால் மெல்ல முடியாது என்று அரத்தால் ராவி ராவிப் பழகிய கை. ஆனால் இன்ஜின் என்பதை நான் மூடியைத் திறந்தும் பார்த்ததில்லை. அப்பா எது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறாரே தவிர, எதற்குப் பிறகு எதை மாட்டுவது என்று எழுதவில்லை. அவரோடு சேர்ந்து அந்த இன்ஜினை ஒரு தடவை இறக்கி ஏற்றியவர் நீங்கள் ஒருவர்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். டைமிங் பல்சக்கரம் இரண்டையும் எந்தப் பல்லில் எந்தப் பல் வைத்து மாட்டுவது?

பதில் போடாவிட்டாலும் நான் நிறுத்தப்போவதில்லை.

தங்கை

*

பிப்ரவரி 24

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இரும்புக்காரரைத் திரும்பக் கூப்பிடு. அள்ளிப் போட்டுக்கொண்டு போகட்டும். செத்துப்போன பொருளை ஏன் எழுப்புகிறாய்? அது எழுந்து ஓடினால் யார் ஏறிப் போகப் போகிறீர்கள்?

நான் இங்கே லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். பதினெட்டு மாடி. எனக்குத் தெரிந்த வண்டிகள் மேலே போகும், கீழே வரும். வளைவு கிடையாது. இருபத்திரண்டு வருடமாக நான் எந்த ஸ்டீயரிங்கையும் தொட்டதில்லை. பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்னால் உட்கார மாட்டேன். இதற்கு மேல் என்னிடம் வண்டி பற்றிக் கேட்காதே.

அண்ணன்

இரண்டு சக்கரத்திலும் ஊசியால் குத்தியதுபோல ஒரு புள்ளி இருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார். முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் ஓடாது.

*

மார்ச் 12

அண்ணாவுக்கு,

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதிய நாலு வரிக்கு நன்றி. அதற்கு மேலே எழுதியதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகள் இருக்கின்றன. நகத்தால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

சேஸைப் படுக்க வைத்தாயிற்று. தூக்குவதற்கு டிங்கர்க்காரரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். தகடு தட்டித் தட்டி டிங்கர்க்காரருக்குக் காது போய்விட்டது. அதனால் அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். "அக்கா! இவ்வளவு சுத்தமா பிரிச்ச வண்டிய நான் பார்த்ததே இல்ல! யாரு பிரிச்சது?" என்று கத்தினார். "எங்கப்பா." "என்னா மனுசன்!" பிறகு சீட்டு ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, அவருக்கு வராத மெல்லிய குரலில், "எதையோ தேடியிருக்காருக்கா" என்றார்.

அண்ணா, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவில்லை. பொருளின் பெயர், எடுத்த இடம், தேதி. அதற்குக் கீழே எல்லாவற்றிலும் இரண்டே சொல். "குறை இல்லை." வால்வுக்குக் குறை இல்லை. வால்வு ஸ்பிரிங்குக்குக் குறை இல்லை. ஜன்னல் பிடியின் திருகாணிக்குக்கூடக் குறை இல்லை. முதல் வருடத்துச் சீட்டில் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஆறாவது வருடத்தில் கோணிக்கொண்டு போகிறது. நாள் முழுக்க அதையே படித்துக்கொண்டிருந்தால் அவர் பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரியே ஆகிவிடுகிறது. நேற்று லேபில் ஒரு பல்செட்டை முடித்துக் கீழே வைக்கும்போது என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. என் குரலில் வரவில்லை. பக்கத்து மேஜைப் பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

ஷெட்டுக்குள் நான் தனியாக இருக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது. பயம் என்று சொல்ல முடியாது. பட்டப்பகலில் கதவு திறந்துதான் கிடக்கிறது. யாரோ வேலையை நிறுத்திவிட்டு நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அம்மா போனபோது நீங்கள் வரவில்லை. சரி, உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள். அப்பா அப்படிச் சொன்னதில்லை. அவருக்கும் வரவில்லை. அவரைத் தூக்குவதற்கு வாத்தியாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றார்கள். தெருவே என்னைப் பார்த்தது. என்ன செய்தேன் நான் உங்களுக்கு?

*

மார்ச் 25

தங்கைக்கு,

வந்தேன்.

எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் நின்றேன். நீ வெளியே வந்து குழாயில் முகம் கழுவிவிட்டுப் புடவைத் தலைப்பால் துடைத்தாய். உன் தலையில் அவ்வளவு நரையை நான் எதிர்பார்க்கவில்லை. தெருவைத் தாண்டலாம் என்று ஒரு கால் வைத்தேன். உள்ளேயிருந்து யாரோ "பெரியவன் வரலியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

நீ எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் பேசியதில்லை. உனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஏரிக்கரை வளைவில் வண்டி கரையை விட்டு இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. கதவு திறந்து நானும் வாலுவும் வெளியே விழுந்தோம். அவள் கல்லில் விழுந்தாள். நான் புல்லில் விழுந்தேன். அப்பா வந்து, "என்னடா ஆச்சு?" என்றார். "பிரேக் பிடிக்கலப்பா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "முந்தாநாள் என் கையால முறுக்கின பிரேக்டா அது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அம்மாதான். "என் பொண்ணக் கொன்னுட்டு அப்பன் மேல பழியப் போடுறியா?" மூன்று வாரம் அதைக் கேட்டேன். பிறகு கிளம்பினேன். அப்பா ஷெட்டிலிருந்து வெளியே வரவில்லை. உள்ளே அரம் ராவுகிற சத்தம் கேட்டது. இப்போதும் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் அந்தச் சத்தம் கேட்கிறது.

இன்ஜினை ஏற்றுவதற்கு முன் கிளட்சை நடுமையம் பார்த்து மாட்டு. இல்லையென்றால் கியர்பாக்ஸ் உள்ளே போகாமல் உன்னை அழ வைக்கும். இன்ஜின் ஓடத் தயாரானதும் கிராங்க் கம்பியைச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை. கம்பியைச் சுற்றிப் பிடிக்காதே. வண்டி உதைத்தால் விரல் போய்விடும். உன் பிழைப்பே விரலில் இருக்கிறது.

பிரேக் பெட்டியைப் பிரித்துவிட்டாயா?

*

ஜூன் 3

அண்ணாவுக்கு,

மருந்துக் கடை வாசலை இப்போது நான் சும்மா கடந்து போவதில்லை. நின்று பார்க்கிறேன்.

இரண்டரை மாதமாக எழுதாததற்குக் காரணம் வேலை. மரச் சட்டத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. தச்சரை வைத்துப் புதிதாகச் செய்து மாட்டினோம். கியர் கம்பியின் தலைக் குமிழ் ஒன்றுதான் எந்தப் பெட்டியிலும் கிடைக்கவில்லை. லேபில் பல்செட் செய்கிற பொருளையே அச்சில் ஊற்றிச் செய்தேன். ஈறு நிறத்தில் இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது. "கியர் போடும்போது கடிச்சிரப் போகுது" என்கிறார் வாத்தியார்.

கிளட்ச் நடுமையம் பார்க்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. கியர்பாக்ஸ் இரண்டு தடவை என்னை அழ வைத்தது. மூன்றாவது தடவை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மே 19-ம் தேதி இன்ஜின் ஓடியது. பதினோரு சுற்று சுற்றினேன், கட்டைவிரல் பத்திரம். பன்னிரண்டாவதில் இருமியது, பதின்மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை. நானும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அந்தச் சத்தம், அண்ணா. சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது கேட்குமே, உடனே வாலு செருப்புகூடப் போடாமல் கேட்டுக்கு ஓடுவாளே, அதே சத்தம். நான் கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பிரேக் பெட்டியைப் பிரித்தேன். அந்தச் சீட்டுகள் மட்டும் ஒரு தேதியோடு நிற்கவில்லை, மூன்று, நான்கு தேதி இருக்கிறது. "மறுபடி பார்த்தேன். குறை இல்லை." "பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குறை இல்லை." எண்ணெயில் ஓடுகிற பிரேக் இல்லை இது, மிதித்தால் கம்பி இழுத்து நான்கு சக்கரத்தையும் பிடிக்கிற பிரேக். ஒரு கம்பி அறுந்திருக்க வேண்டும், அல்லது ஒரு பின் கழன்றிருக்க வேண்டும். அறுந்ததும் இல்லை, கழன்றதும் இல்லை. டிங்கர்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பிரேக்குல ஒண்ணுமில்லக்கா!" என்று தெருவுக்கே சொன்னார். அதே கம்பி, அதே பின்னை வைத்துத்தான் மாட்டியிருக்கிறேன். இருக்கை இன்னும் மாட்டவில்லை, பலகைப் பெட்டி மேல் உட்கார்ந்து ஷெட் வாசல் சரிவில் வண்டியை உருட்டி விட்டு மிதித்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது.

அண்ணா, பிரேக் பிடித்தது. அன்றைக்கும் பிடித்திருக்கும். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

*

ஜூலை 16

அண்ணாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

சீட்டுகளுக்கு எண் உண்டு. ஆயிரத்துச் சொச்சம். ஒன்றாம் எண்ணை மட்டும் காணவில்லை. பெயின்ட் முடிந்து உள் வேலை ஆரம்பித்தபோதுதான் கிடைத்தது. பரண்மேல், பழைய போர்வைக்குள், டிரைவர் இருக்கை. அதன் அடிச்சட்டத்தில் கட்டியிருந்தது. வாத்தியார் ஏணியில் நின்று சத்தமாகப் படித்தார். "டிரைவர் இருக்கை. முன்னால் கடைசிப் பள்ளத்தில் இருந்தது." தேதி. அவ்வளவுதான். "வேற ஒண்ணும் எழுதலியா?" என்றேன். "இல்லையே." "குறை இல்லைன்னு?" "இல்லம்மா."

அந்தச் சீட்டில் மட்டும் அது இல்லை.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அப்பா எழுதியபடியே மாட்டுவோம் என்று இருக்கையை அது முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தில் ஏற்றி, முன்னால் தள்ளி, கடைசிப் பள்ளத்தில் பூட்டினேன். ஏறி உட்கார்ந்தேன். கால் நேராக மிதிகளில் போய் நின்றது. கை ஸ்டீயரிங்கில் நின்றது. எனக்கென்று அளந்து வைத்த மாதிரி.

என் உயரம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் இந்த உயரத்தில் இன்னொருத்தி இருந்தாள். ஒரே பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டினோம். உங்களை அவள் 'கொக்கு' என்றுதான் கூப்பிடுவாள். கொக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்குக்கு மேலே நிற்கும். ஓட்டவே முடியாது.

நான் இறங்கவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் கடைசியாக உட்கார்ந்தவளின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வாத்தியார் வந்து கையைப் பிடித்து இறக்கினார். "உடம்பெல்லாம் ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றார்.

வாலு ஓட்டினாளா, அண்ணா?

*

ஜூலை 24

நடுவுலவளுக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஆமாம்.

அப்பா தன்னையும் என்னையும் தவிர யாரும் அந்த வண்டியைத் தொடக்கூடாது என்று வைத்திருந்தார். அவள் இரண்டு மாதம் என்னை நச்சரித்தாள். "கொக்கு, ஒரே ஒரு தடவை." ஏரிக்கரையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு ஆறாவது தடவை. நன்றாகவே ஓட்டினாள். என்னைவிட மென்மையாகக் கியர் போடுவாள்.

அப்பா அங்கே வந்து நின்றபோது அவள் முகத்தில் என் சட்டையைப் போட்டு மூடியிருந்தேன். அவள் ஓட்டினாள் என்று சொன்னால், அவளைத் தூக்குவதற்கு முன்னாலேயே திட்டு விழும் என்று தோன்றியது. போகிற இடத்துக்கு அந்தத் திட்டையும் சுமந்துகொண்டு ஏன் போக வேண்டும்? நான் ஓட்டினேன் என்றேன். எப்படி என்று கேட்டபோது வாயில் வந்தது பிரேக். அது அப்பா கையைக் குற்றம் சொல்கிறது என்பதே அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஒன்று சொல். அந்தச் சீட்டில் என்ன தேதி?

*

ஜூலை 31

அண்ணா,

வண்டி ஷெட்டுக்கு வந்ததற்கு மறுநாள். நீங்கள் வீட்டை விட்டுப் போவதற்குப் பத்தொன்பது நாள் முன்னால்.

நீங்கள் கேட்க நினைத்தது இதுதானே? ஆமாம், அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும். வண்டியில் அவர் கழற்றிய முதல் பொருளே அதுதான். கழற்றி, எழுதி, யாருக்கும் எட்டாத இடத்தில் சுற்றி வைத்துவிட்டார். அம்மா உங்களைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த மூன்று வாரமும் அவருக்குத் தெரியும். நீங்கள் பையைத் தூக்கியபோதும் தெரியும்.

பிறகு எதற்கு ஆறு வருடம் பிரித்தார் என்று நானும் யோசித்தேன். பிரேக் சீட்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தன் கை சுத்தம் என்று காட்டுவதற்காகத் தேடியிருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்தியிருப்பார். நாலு தடவை பார்த்திருக்கிறார். குறை கிடைக்க வேண்டும் என்று தேடியிருக்கிறார். தான் முறுக்கியதில் ஒரு தப்பு, ஒரு விரிசல் கிடைத்துவிட்டால் போதும். அவள் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை. தானே தலையில் போட்டுக்கொண்டு உங்களைக் கூப்பிட்டிருப்பார். கிடைக்கவில்லை. அதனால் கூப்பிடவில்லை.

இரண்டு ஆம்பிளைகள், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அவளுக்காக. பெரிய மனசுதான். நான் மறுக்கவில்லை. உங்களை நினைத்து இரண்டு நாள் அழுதேன். செய்யாத தப்புக்கு அம்மாவிடம் அவ்வளவு வாங்கிக்கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் போனீர்களே.

ஆனால் அண்ணா, செத்துப்போனவளுக்கு நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்கள். உயிரோடு இருந்த எனக்கு யார் இருந்தார்கள்? அப்பா ஷெட்டுக்குள், அம்மா கட்டிலில், நீங்கள் எங்கோ. என் கல்யாணத்தில் அண்ணன் நிற்கிற இடத்தில் யாரும் நிற்கவில்லை. நானும்தான் ஒரு தடவை கேட்டேன், எனக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று. "உனக்கு எதுக்கு?" என்றீர்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று தெரிந்தபோது, அவள் செத்தே போனாள் என்பது தெரிந்திருந்தும், பொறாமையாக இருந்தது. எனக்கே அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

வண்டி முடிந்துவிட்டது. வாருங்கள். ஊரெல்லாம் கூப்பிட்டு என் அண்ணன் என்ன செய்தான் என்று நான் சொல்கிறேன்.

*

ஆகஸ்ட் 8

நடுவுலவளே,

யாரிடமும் சொல்லாதே. வாத்தியாரிடம் சொல்லியிருந்தால் திருத்திச் சொல்லிவிடு. உன் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் குழிக்குள் இறங்க முடியவில்லை. இரண்டு நாள் லீவு போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் உனக்குப் பாதிதான் எழுதினேன். அந்தப் பாதியில் நான் நல்லவனாக இருக்கிறேன். நீ அழுதேன் என்று எழுதியதும் அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வளைவை அவள் அதற்கு முன்னால் ஐந்து தடவை திருப்பியிருக்கிறாள். அன்றைக்குக் கொஞ்சம் வேகம் அதிகம். ஆனால் கை சரியாக இருந்தது, கண் ரோட்டில் இருந்தது. ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். எதிரே தண்ணீர் தெரிந்தது. எனக்குத்தான் பயம் வந்தது. அவ்வளவுதான், வேறு காரணமே கிடையாது. மாடு வரவில்லை, லாரி வரவில்லை. திரும்ப மாட்டாள் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. பக்கத்திலிருந்து எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தேன்.

"விடு அண்ணா, நான் பாத்துக்கிறேன்!" என்றாள். கொக்கு என்று சொல்லவில்லை. அதுதான் கடைசி.

அப்பா எத்தனை வருடம் பிரித்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்காது. அது அந்த வண்டியிலேயே இல்லை. இந்தக் கையில் இருக்கிறது. நான் அவளைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஓட்டினாள் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, நீ என்ன செய்தாய் என்பதாகத்தானே இருந்திருக்கும்? அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டேன்.

அம்மா சொன்னது சரிதான். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் எந்தப் பெருந்தன்மையும் இல்லை.

இனிமேல் நீ எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

*

செப்டம்பர் 4

அண்ணா,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு ஷெட்டைப் பூட்டிச் சாவியை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. வாத்தியாரிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். அவர், "அவருக்கு அப்ப என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார். இருபத்தெட்டு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவியைக் கேட்டு வாங்கினேன். அவரும் கூட ஏறினார். தெருவே வாசலுக்கு வந்தது. டிங்கர்க்காரர் கடையிலிருந்து ஓடிவந்து, "ஹாரன் அடிங்கக்கா!" என்று கத்தினார். அடித்தேன். ஏரிக்கரைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் வாத்தியார் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கரை ஆரம்பிக்கிற இடத்தில் அவரை இறங்கச் சொன்னேன். இது என் கைக்கும் அந்த வளைவுக்கும் நடுவில் இருக்கிற விஷயம்.

லேபின் சின்ன வேனைப் பத்து வருடமாக ஓட்டுகிறேன். இருந்தும் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். எதிரே தண்ணீர் தெரிந்தது. நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது, ரோடு அப்படியே தண்ணீருக்குள் போகிற மாதிரிதான் இருக்கிறது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்க்கவும் இல்லை. அங்கே யாரும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் பார்க்கவில்லை. கடைசி நேரத்தில்தான் ரோடு இடப்பக்கம் மடங்குவது தெரிகிறது. மடக்கினேன்.

திரும்பியது. நாலு தடவை போய் வந்தேன். நாலு தடவையும் திரும்பியது.

அவளுக்கும் திரும்பியிருக்கும், அண்ணா. ஆறுதலுக்காக மாற்றி எழுத எனக்கு வரவில்லை. நீங்களும் அதைக் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து வாத்தியாரை ஏற்றிக்கொண்டேன். "என்னாச்சு?" என்றார். "அவ நல்லாத்தான் ஓட்டியிருக்கா" என்றேன். அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்காக, அவளுக்காக மட்டும், நான் அழுதது அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் உங்களையும் அப்பாவையும் நினைத்து அழுவதிலேயே அவள் பங்கு போய்விட்டது.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் எதிர்ப்பக்கக் கடை வாசலில் நின்றுவிட்டுப் போகிற அண்ணன் எனக்கு வேண்டாம்.

சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு உங்கள் ஊர் ரயில் வருகிறது. ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்பேன். வீட்டுக்கு ஏரிக்கரை வழியாகத்தான் போவோம், சுற்றுவழி கேட்காதீர்கள். நான் ஓட்டுவேன். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவுலவள்